கூண்டுப் பறவைக்கு நோய் வந்தால்



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையை நான் நாற்பது ஆண்டுகளாக அறிவேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் அச்சாலையோரத்து வீடுகளின் வாசலில் பசுவோ ஆடோ கட்டியிருக்கும். கொல்லையில் கோழிகள் கிளறிக்கொண்டிருக்கும். சிலர் மாடத்தில் புறா வளர்த்தனர். கம்பிக் கூண்டில் பறவை வைத்திருப்பது எங்கோ ஓரிரு வீடுகளில் காணப்பட்ட ஆடம்பரம். இன்று அப்படியன்று. பல வீடுகளின் முகப்பில் ஒரு கூண்டு தொங்குகிறது. அதனுள் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக நான்கைந்து சிறு பறவைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. நம் மக்கள் அவற்றை ‘லவ் பேர்ட்ஸ்’ என்கின்றனர். அவற்றின் சரியான பெயர் பட்ஜரிகர். ஆஸ்திரேலிய நாட்டின் வறண்ட புல்வெளிகளில் பெருங்கூட்டமாகத் திரியும் சிறுகிளி அது. ஜான் கூல்ட் என்ற பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டு அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவி, நம் திண்ணை வரை வந்து சேர்ந்தது.

நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் மைனாவையும் பற்றி ஒரு சொல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கிக் கூண்டில் அடைப்பதும் குற்றமாகும். அடிபட்ட கிளியொன்று உங்கள் தோட்டத்தில் விழுந்தால், அதனை ஓர் அட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நான் இன்று பேசப் புகுவது சட்டப்படி நாம் வளர்க்கக்கூடிய புறா, கோழி, பட்ஜரிகர், காக்கட்டீல் முதலியவற்றைப் பற்றியே.

மாட்டுக்கு நோய் வந்தால் நம் ஊரில் கால்நடை மருந்தகம் இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் வாகனத்தில் மருத்துவரே வருகிறார். ஆனால் 35 கிராம் எடையுள்ள ஒரு சிறு பறவையைக் கையிலெடுத்து நோய் கண்டு மருந்து சொல்லும் தனிப்பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே; அவர்களும் பெரும்பாலும் சென்னையில் இருக்கின்றனர். 1903ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கூண்டைத் தூக்கிக்கொண்டு ரயிலிலும் பேருந்திலும் அவ்வளவு தூரம் போவதற்குள் பறவை என்ன ஆகும்? போக முடியாத நாளில் என்ன செய்வது?

நான் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டு, மழைக்காலம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் செருப்புப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பெட்டிக்குள் ஒரு சாம்பல் நிறப் புறா. இறகுகளை உப்பிக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி ஒடுங்கி அமர்ந்திருந்தது. முதல் நாள் மழையில் நனைந்ததென்றும், காலையிலிருந்து இரை எடுக்கவில்லை என்றும் சொன்னான். நான் அறிவியல் பாடம் நடத்துபவன். ஆகையால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் நம்பினான். அதே நம்பிக்கை எனக்கும் இருந்ததுதான் கேடாக முடிந்தது. மேசை இழுப்பறையில் காய்ச்சல் மாத்திரை கிடந்தது. அதில் கால் பங்கைப் பொடித்து வெந்நீரில் கரைத்தேன். பேனாவுக்கு மை நிரப்பும் ஃபில்லரில் எடுத்து, அலகைப் பிரித்து உள்ளே பீய்ச்சினேன். மாணவன் இரு கைகளாலும் புறாவை மார்பைச் சுற்றி இறுகப் பிடித்திருந்தான். ‘நழுவ விடாதே’ என்று நானே சொல்லியிருந்தேன். புறா இருமுறை தலையை உதறிற்று. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. சில நிமிடங்களில் அடங்கிவிட்டது.

“மாத்திரை குடுத்தீங்களே சார், அப்புறம் ஏன் சார் செத்துப்போச்சு?” என்று அவன் கேட்டான்.

நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். அவன் கேள்விக்கு உண்மையான விடையைத் தேடிப் படித்தறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பறவையின் வாயைத் திறந்து பார்த்தால், நாக்கின் அடிப்புறத்தில் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவதைக் காணலாம். அதுவே மூச்சுக்குழலின் வாயில். மூச்சுவாயிலை மூடிக் காக்கும் மடல் நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு இல்லை. நாம் பீய்ச்சும் நீர் எளிதில் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எனவே நோயுற்ற பறவையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு நீரை வைத்தால், குடிக்கும் வலிமை உள்ள பறவை தானே உறிஞ்சிக்கொள்ளும். அந்த வலிமையும் இல்லாத பறவைக்கு நாம் ஊற்றும் நீர் நன்மை செய்யாது.

இரண்டாவது, அந்த இறுகிய பிடி. நமக்கு நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்ற தசை உண்டு. பறவைக்கு அஃது இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னுமாக அசைவதால்தான் அதற்கு மூச்சு ஓடுகிறது. மார்பை இறுக்கிப் பிடிப்பது நம் மூக்கையும் வாயையும் பொத்துவதற்கு ஒப்பாகும். பறவையைப் பிடிக்க நேர்ந்தால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, கழுத்தின் இருபுறமும் விரல்கள் தளர்வாக அமையுமாறும், இறக்கைகள் உள்ளங்கையில் அடங்குமாறும் ஏந்த வேண்டும். மார்பு அசைய இடம் இருக்க வேண்டும்.

மாத்திரையைப் பற்றி ஒரு கணக்கு. மனிதனின் எடை 60 கிலோ, பட்ஜரிகரின் எடை 35 கிராம் என்று கொண்டால், நாம் அதனைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு. நமக்குரிய 500 மில்லிகிராம் மாத்திரையை அவ்விகிதப்படி பங்கிட்டால் பறவைக்கு வருவது ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தச் சமையலறைக் கத்தியால் அதனை வெட்டுவது? வெட்ட முடிந்தாலும் பயனில்லை. நம் உடல் ஏற்கும் மருந்தைப் பறவையின் உடல் ஏற்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

இதற்குப் பெரியதொரு சான்று நம் மாவட்டத்தின் எதிரிலேயே நிற்கிறது. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் உணவு பெற்றுச் சென்றதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். பட்சி தீர்த்தம் என்ற பெயரும் அவ்வூருக்கு அதனால் நிலைத்தது. வெண்மை இறகும் மஞ்சள் முகமும் கொண்ட பாறு இனத்துப் பறவைகள் அவை. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று. அதே ஆண்டுகளில் நாடெங்கும் பாறுகள் கோடிக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் நூற்றுக்கு ஒன்று கூட மிஞ்சாத அளவுக்கு அழிந்தது. காரணம் 2004ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் இறைச்சியோடு பாறுகளின் வயிற்றுக்குள் சென்றது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. யூரிக் அமிலம் வெளியேற வழியின்றி உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்தது. 2006ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. நம் வீடுகளில் முழங்கால் வலிக்கு விழுங்கும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. மருந்துப் பெட்டியைத் திறக்கக் கை நீளும்போதெல்லாம் எனக்கு அந்த மலையுச்சியும் வெறும் பாறையும் நினைவுக்கு வருகின்றன.

மருந்து கொடுக்கக் கூடாதென்றால், செய்யத்தக்கது யாது? முதலாவது, நோயை நேரத்தில் கண்டுகொள்வது. இஃது எளிதன்று. கூட்டமாக வாழும் சிறு பறவைகளில் சோர்ந்திருப்பது எதுவோ அதன்மேல்தான் வல்லூறு பாயும். ஆகையால் இயன்றவரை நோயை மறைத்துக்கொள்வது பறவையின் பிறவிக் குணம். கூண்டுக்குள் பிறந்து வளர்ந்த பறவைக்கும் அக்குணம் போவதில்லை. ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இன்று திடீரென்று இறந்துவிட்டது’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேற்றும் அது நன்றாக இருந்திராது. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் வந்து அமர்கிறதென்றால், மறைக்கும் ஆற்றலும் தீர்ந்துவிட்டது என்று பொருள். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நம் கண்ணை ஏமாற்றும் பறவையால் தராசை ஏமாற்ற முடியாது. கிராம் காட்டும் சிறு எலக்ட்ரானிக் தராசு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன்மேல் ஒரு கிண்ணத்தையோ குச்சியையோ பொருத்தி, காலையில் இரை எடுக்குமுன் நிறுத்துக் குறித்து வைக்கலாம். பட்ஜரிகர் பெரும்பாலும் 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். அதில் நான்கு கிராம் குறைவது, 60 கிலோ மனிதன் ஆறேழு கிலோ இளைப்பதற்குச் சமம். இறகின் உப்பலில் அந்த இளைப்பு நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது எச்சம். எச்சத்தைப் பற்றி வானொலியில் பேசலாமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. பறவை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். கூண்டின் அடித்தட்டில் நாள்தோறும் பழைய செய்தித்தாளை விரித்து, எடுக்குமுன் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: பசுமையோ பழுப்போ ஆன கெட்டிப் பகுதி, யூரிக் அமிலமாகிய வெண்பகுதி, சுற்றிலும் சிறிது நீர். பீட்ரூட் தின்ற நாளில் சிவப்பாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், முழுத் தானியம் செரிக்காமல் வெளிவந்தாலும், எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலும் கவனிக்க வேண்டும்.

உணவைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. தினையும் கம்பும் மட்டுமே தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும். மூக்கும் தொண்டையும் எளிதில் நோய்ப்படும். நம் கொல்லை முருங்கைக்கீரையே அதற்குத் தக்க உணவு. வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் பறவைக்கு நஞ்சு.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் தானியம் சேமிப்பதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை உப்பும் ஈரமும் கலந்த காற்று. பையில் கட்டி வைத்த தினை பத்து நாளில் பூசணம் பூத்துவிடுகிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூசணத்தின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அஃப்லாடாக்சின் என்ற அந்நஞ்சை உலகம் அறிந்தது அவ்வாறுதான். நம் பகுதியில் கடலை மலிவு; பூத்த கடலையைக் ‘கோழிக்குப் போடு’ என்று தள்ளுவதும் வழக்கம். அந்த வழக்கம் வேண்டா.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறவையின் உடலுக்குள் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. உட்செல்லும் காற்று ஒரே திசையில் ஓடி, ஒவ்வொரு மூச்சிலும் மிகுந்த பிராணவாயுவைக் கொடுக்கிறது. பறப்பதற்கு வாய்த்த இந்த வசதியே நச்சுக் காற்றையும் விரைவாக உள்ளே சேர்த்துவிடுகிறது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுசென்றது இதற்காகவே. மனிதன் உணருமுன் குருவி மயங்கும். 1986ஆம் ஆண்டு வரை அவ்வழக்கம் இருந்தது. அதற்கென்று செய்த கூண்டு ஒன்றில், மயங்கிய குருவியைத் தெளிவிக்கச் சிறிய பிராணவாயு உருளையும் பொருத்தியிருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நம் வீட்டுச் சுரங்கம் சமையலறைதான். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிட்டு மறந்தால் அதன் பூச்சிலிருந்து எழும் ஆவி, கூண்டிலுள்ள அத்தனை பறவைகளையும் சில நிமிடங்களில் கொன்றுவிடக் கூடும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் அவ்வளவு கொடியவை அல்ல. ஆயினும் நோயுற்ற பறவை இருக்கும் அறையில் அவையும் கூடா.

கோழி, புறா வளர்ப்போர் வெள்ளைக்கழிச்சலை அறிவார்கள். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கருகிலும் ஜாவாத் தீவிலும் கண்டறியப்பட்ட நோய் அது. அடுத்து நம் நாட்டில் இமயமலையடுத்த ராணிக்கெட் என்ற ஊரில் தோன்றியதால், இந்தியாவில் ராணிக்கெட் நோய் எனப்படுகிறது. கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும், வெளிறிய கழிச்சல் காணும். வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க வழி உண்டு. அது நம் அருகிலேயே உருவாகிறது. 1932ஆம் ஆண்டு தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு நிலையத்தில் இதற்கான தடுப்பு மருந்து தயாராகிறது. குஞ்சுக்குக் கண்ணில் சொட்டாகவும், எட்டு வார வயதில் ஊசியாகவும் போடுவார்கள். நாட்டுக்கோழிகளுக்குத் தீவனம் போல் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. சந்தையிலிருந்து புதிதாக வாங்கி வரும் பறவையை உடனே மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு மாதம் வேறு அறையில் வைப்பது இன்னொரு தடுப்பு. பலரும் இதைச் செய்வதில்லை, ஆசைதான் காரணம்.

வளர்ப்பவரையும் நோய் தொற்றும். 1929ஆம் ஆண்டு தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் சென்ற கிளிகளால் பல நாடுகளில் கிளிக்காய்ச்சல் பரவி மனிதர்கள் இறந்தனர். காய்ந்த எச்சத்தின் தூசுதான் அதைப் பரப்புகிறது. ஆகவே கூண்டைத் துப்புரவு செய்யுமுன் எச்சத்தை நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பறவைக்கு வாயால் ஊட்டுவதை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பறவை இருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே நாளில் பல பறவைகள் இறந்தால் ஏரியிலோ குப்பையிலோ வீசாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி, மருத்துவரிடம் போக முடியாத இரவு.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. நானும் என் மனைவியும் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். பன்னிரண்டு வயதுப் பேத்தி இரண்டு பட்ஜரிகர்களை வளர்க்கிறாள். ஞாயிறுதோறும் அவற்றை நிறுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பது அவள் வழக்கம். அதனை ஏற்படுத்தியவன் நான். அன்று காலை, மஞ்சள் பறவை கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு அமர்ந்திருந்தது. நிறுத்தாள்; 31 கிராம். “தாத்தா, போன வாரம் 36” என்றாள். வெளியே மழை பேய்ந்து தள்ளிக்கொண்டிருந்தது. இரவுக்குள் மின்சாரமும் போயிற்று. தொலைபேசியில் கோபுரம் கிடைக்கவில்லை. சென்னை செல்லும் சாலையெங்கும் வெள்ளம்.

பறவையின் உடல் வெப்பம் நம்மைவிட மிகுதி. 40 பாகை முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இரை எடுக்காத பறவைக்கு அந்தச் சூட்டைக் காப்பதிலேயே எஞ்சிய வலிமை எல்லாம் செலவாகிவிடும். அந்தச் செலவை நாம் ஏற்றுக்கொண்டால், நோயோடு போராட அதற்குச் சிறிது மிஞ்சும். வெப்பம் கொடுப்பதன் தத்துவம் இவ்வளவே. மின்விளக்கு இருந்தால் கூண்டுக்கு வெளியே ஒரு புறமாக வைத்துச் சூடேற்றலாம். எங்களிடம் மின்சாரம் இல்லை. எரிவாயு அடுப்பு இருந்தது. அட்டைப் பெட்டியில் காற்றுத் துளைகள் இட்டு, தரையில் துண்டை விரித்து, ஒரு மூலையில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணி சுற்றி வைத்தோம். மறுமூலையை வெறுமனே விட்டோம். சூடு மிகுந்தால் பறவை தானே அங்கே நகர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. பெட்டிக்குள் 30 பாகை அளவில் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூட நாளில் வாங்கிய அறை வெப்பமானி ஒன்று என்னிடம் இருந்தது நல்லதாயிற்று. பறவை வாயைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கினால் சூடு மிகுதி என்று அறிய வேண்டும். அக்கினி நட்சத்திரத்துச் செங்கற்பட்டில் இம்முறை தலைகீழ். அப்போது நிழலும் காற்றும், கால்களில் ஈரத்துணியும்தான் சிகிச்சை.

உட்காரும் குச்சியை எடுத்துவிட்டோம். தினைக்கதிரும், சோடா மூடி போன்ற ஆழமற்ற தட்டில் நீரும் அலகுக்கு எட்டும் தூரத்தில். பாதி வாயை மட்டும் துணியால் மூடி அரையிருள் செய்தோம். பிறகு பேச்சைக் குறைத்தோம். என் மனைவி அறைக்குள் நுழைய அண்டை வீட்டாரையும் விடவில்லை. வேடந்தாங்கல் ஊரார் தீபாவளியன்று கூடப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வூர் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியர் ஒப்புக்கொண்டார் என்பது வரலாறு. அமைதியாக இருப்பதும் பறவைக்குச் செய்யும் பணி என்று அவ்வூர் மக்களிடம் யாரும் பாடம் நடத்த வேண்டியிருந்ததில்லை. எனக்கு அந்த இரவில்தான் புரிந்தது. தலைமையாசிரியருக்கு மௌனம் எளிதில் வருவதில்லை.

இரண்டு மணிக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினோம். மகளும் நானும் பேத்தியும் முறை வைத்துக்கொண்டோம். ‘ஏதாவது கொடுக்கக் கூடாதா?’ என்று மகள் இரண்டுமுறை கேட்டாள். எனக்கும் கை துடித்தது. செருப்புப் பெட்டியோடு நின்ற சிறுவனை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். திங்கள் காலை 31 கிராம். செவ்வாய்க்கிழமையும் 31. பகலில் இரண்டு மூன்று தினைகளை உரித்துத் தின்றதைப் பேத்தி மூச்சையடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன் காலை 32.

வியாழக்கிழமை வழி திறந்தது. அதே பெட்டியிலேயே வைத்து, இரண்டு நாள் எச்சம் படிந்த தாளையும் எடுத்துக்கொண்டு, சென்னையில் பறவை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் எச்சத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். இரைப்பையில் பூசண நோய் என்றார். எடையைக் கணக்கிட்டு, சொட்டளவில் மருந்து எழுதினார். வெப்பம் நோயைத் தீர்க்கவில்லை. மருத்துவரிடம் சேரும் வரை பறவையை நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். அப்பறவை அதன்பின் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது.

‘எத்தனை நாளாக உடல்நலமில்லை?’ என்று மருத்துவர் கேட்டார். ‘ஞாயிறு முதல்’ என்றேன் நான். பேத்தி ஒன்றும் சொல்லாமல் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். தீபாவளியன்று 38. மறுவாரம் 37. அதற்கடுத்து 36. பிறகு 31. மருத்துவர் அந்த எண்களின் மேல் பேனாவை ஓட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரமாக இறங்கிக்கொண்டிருந்த ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, வருகைப் பதிவேட்டில் போடுவதுபோல், என் கையொப்பம் இருந்தது.

பேத்தி இப்போதும் ஞாயிறுதோறும் நிறுக்கிறாள். புதிய நோட்டுப் புத்தகத்தில் என் கையொப்பத்துக்கென்று விட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்திருக்கிறாள். அதன் தலைப்பில் எழுதியிருப்பது: ‘தாத்தா படித்தாரா? ஆம், இல்லை.’